சொந்த வீடு உண்டா

தஸீமுக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். அதனால் அவளுக்குக் கோபமே வராது என்று தெருவில் பெயர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று பெண்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டு மறுநாள் காலையிலேயே கதவைத் தட்டி அந்த வாயை இரவல் கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வா, பள்ளிக்கூடத்துக்கு வா, கேஸ் கம்பெனிக்காரன் வந்து நிற்கிறான் வா.

இங்கிலாந்தின் லங்காஷயரில் மலையடியில் இருந்த அந்த நெசவாலை ஊரில் அவர்கள் தெரு முழுக்கப் பாகிஸ்தானிலிருந்து வந்த மீர்ப்பூர்க்காரர்கள். ஆண்கள் ஆலைக்கு வந்தவர்கள், பெண்கள் ஆண்களுக்குப் பின்னால் வந்தவர்கள். பிள்ளைகளுக்குத்தான் இங்கிலீஷ் வந்தது. அதிலும் பையன்கள் கூப்பிட்டால் நழுவிவிடுவார்கள். தஸீம் நழுவத் தெரியாதவள். கர்ப்பப்பையை எடுப்பதற்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்பது, அது எதற்காக இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தை அவள் விட்டதும் இப்படித்தான். யாரும் அவளை நிறுத்தவில்லை. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு நாள் முடியவே இல்லை.

வேலையை அவள் தன் போக்கில் பழகிக்கொண்டாள். டாக்டர், "இந்த அம்மா வாயைக் கட்டணும், இல்லேன்னா செத்துடுவாங்க" என்றால், "கொஞ்சம் பத்தியமா இருக்கச் சொல்றாரு மாமி" என்பாள். மாமி, "இந்தப் பொடியனுக்கு மீசையே முளைக்கல, இவன் எனக்கு வைத்தியம் பாக்குறானா" என்றால், டாக்டர் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றி சொல்றாங்க" என்பாள். இரண்டு பக்கத்து வசவும் அவளிடம் வந்து தங்கிவிடும். எல்லோரும் சிரித்த முகமாகப் பிரிவார்கள். அவள் மட்டும் தாழ்ந்த குரலோடு வீட்டுக்கு வருவாள்.

அப்பா பஸல் தாத் ஆலையில் இரவு ஷிஃப்டில் தறி ஓட்டியவர். ஆலை மூடியபோது அவருடைய காதுகளும் கூடவே மூடியிருந்தன. அந்தச் சத்தத்தில் வேலை செய்தவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பார்கள். வெள்ளைக்காரர்களோ மீர்ப்பூர்க்காரர்களோ, எல்லாத் தறிக்காரர்களுக்கும் அது வரும். மகளோடு அவர் அப்படித்தான் பேசினார். தஸீம் சத்தமே இல்லாமல் வாயை அசைத்தால் போதும். குரல் எழும்பாத பெண்ணுக்கும் காது கேளாத அப்பாவுக்கும் அது வசதியாக இருந்தது. அந்த வீட்டில் இருவரும் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தாலும் அடுத்த அறையில் இருக்கும் அம்மாவுக்கு ஒன்றும் கேட்காது.

வேலை போன பிறகு, இடுப்பும் போன பிறகு, அவருக்கு அரசாங்க உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. வீட்டு வாடகையும் அதில்தான். இதை நடத்துகிற அலுவலகத்தை எல்லோரும் சோஷல் என்பார்கள். தம்பி கரம் தாத்தின் மகன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறேன் என்று சொல்ல, பஸல் தாத் மகளைக் கூப்பிடாமல் தானே சோஷலுக்குப் போனார். எங்கே தங்குவீர்கள் என்று ஜன்னலில் இருந்த பையன் கேட்டான். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, தன் சொந்த இங்கிலீஷில், "மை ஹவுஸ்" என்றார். அந்த இரண்டு சொல்லைச் சொன்ன பெருமையோடு வீட்டுக்கு வந்தார். தஸீமும் அவரோடு ஊருக்குப் போய்த் திரும்பினாள். வந்து பார்த்தால் பணம் நின்றிருந்தது. ஊரில் சொந்த வீடு வைத்திருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும், நேரில் வரச் சொல்லுங்கள் என்றார்கள். வீடு அவருடையதுதான் என்று முடிவானால் இனி பணமும் இல்லை, வாடகையும் இல்லை. வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்கள்.

விசாரணைக்குப் போகிற காலையில் அவர் சாம்பல் நிறக் கோட்டு சூட்டை எடுத்து மாட்டினார்.

"அது வேண்டாம் அப்பாஜி. பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கங்க" என்று வாயசைத்தாள் தஸீம்.

"ஏன், கோட்டுல ஓட்டையா?"

"ஓட்டை இல்ல. அதனாலதான் வேண்டாங்கறேன்."

"பிச்சைக்குப் போறவன் மாதிரி வரச் சொல்றியா? என் கூலியில பிடிச்சு வச்சதைத்தானே தர்றாங்க."

அம்மா ரேஷம் ஜான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "விடுடி, போட்டுக்கட்டும். கோட்டு போட்டாலும் கோணி போட்டாலும் வெள்ளைக்காரி கண்ணுக்கு நாம எல்லாம் ஒண்ணுதான்."

"வீட்டைப் பத்திக் கேப்பாங்க அப்பாஜி. சாச்சா வீடுன்னு சொல்லுங்க. அது போதும்."

"கரம் தாத் வீடு வேற, என் வீடு வேறயா?"

"பட்டாவுல அவர் பேருதானே இருக்கு?"

"பட்டா சர்க்காருக்கு. அண்ணன் தம்பிக்கு நடுவுல என்ன பட்டா?"

அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. அவர்கள் பேச்சில் தம்பி இருக்கிற வீடும் எங்க வீடுதான். ஒருவன் 'தம்பி வீடு' என்று பிரித்துச் சொன்னால், கேட்கிறவன் உடனே, என்ன சண்டை, எப்போது பாகம் பிரித்தீர்கள் என்று விசாரிப்பான். அணை கட்டிப் பழைய ஊர் மூழ்கிய பிறகு மேட்டில் கிடைத்த நிலத்தில் எழும்பிய வீடு அது. செங்கல்லும் கம்பியும் பஸல் தாத்தின் இரவு ஷிஃப்டிலிருந்து போயின. பத்திரம் பதிகிற அன்று அவர் இங்கே தறியில் நின்றுகொண்டிருந்ததால் அங்கே இருந்த தம்பியின் பெயரில் பதிந்தார்கள். பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசினால் அசிங்கம்.

சோஷலில் காத்திருக்கும் கூடத்தில் ராஜா மஹ்ஃபூஸ் உட்கார்ந்திருந்தார். அதே தெருக்காரர், சாச்சாவின் பக்கத்து ஊர்க்காரர். வயிற்றில் ஒரு சொல் தங்காத மனிதர். சலாம் சொல்லிவிட்டு, கோட்டை மேலும் கீழும் பார்த்தார். "என்ன பஸல் தாத், பொண்ணு பாக்கப் போறியா?"

"ஆமா. உன் தங்கச்சியைத்தான்" என்றார் பஸல் தாத். இருவரும் சிரித்தார்கள். தஸீம் சிரிக்கவில்லை. விசாரணை அறை எது என்று பார்த்தாள். கூடத்தை ஒட்டியே பலகைத் தடுப்பு. தடுப்பு கூரை வரைக்கும் எட்டவில்லை.

உள்ளே இருந்தவளின் பெயர் மிசஸ் எண்ட்விசில். தெருவில் விசில்காரி என்பார்கள். நல்ல முகம், நல்ல கம்பளிச் சட்டை, மேசையில் தொட்டிச் செடி. பஸல் தாத்தைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கத்தினாள். அவருக்குக் காது கேட்காது என்று தெரிந்து கத்தவில்லை. மொழி தெரியாதவர்களிடம் அவள் அப்படித்தான் கத்துவாள்.

"பாகிஸ்தான்ல, உங்களுக்கு, சொந்தமா, வீடு, இருக்கா?"

தஸீம் அப்பாவின் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தாள். "ஊர்ல உங்களுக்கு வீடு இருக்கான்னு கேக்கறாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இருக்கு. மூணு மாடி. எங்க பக்கத்துல முதல் கான்கிரீட் வீடு நம்மளுதுதான். சொல்லு."

"நோ" என்றாள் தஸீம் மிசஸ் எண்ட்விசிலிடம். "அவருக்கு வீடு இல்லைங்க. அது அவர் தம்பி வீடு."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ வார்த்தைகளை அவள் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். யாரும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் 'நோ' என்பது ஆலையில் மேஸ்திரியின் உதட்டில் பஸல் தாத் தினமும் பார்த்த சொல். லீவு கேட்டால் நோ, பகல் ஷிஃப்ட் கேட்டால் நோ.

"நோவா?" என்றார். "நான் மூணு மாடிங்கறேன், நீ நோங்கற?" மேசைப் பக்கம் குனிந்து கையால் உயரம் காட்டினார். "யெஸ். மை ஹவுஸ். வெரி பிக்."

மிசஸ் எண்ட்விசில் பேனாவைக் கீழே வைத்தாள். தஸீமைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நினைத்தது சரியாகப் போயிற்று என்ற நிம்மதிதான் இருந்தது. தஸீமின் காது மடல்கள் சுட்டன.

"வேற சொத்து ஏதாவது இருக்கான்னு கேளுங்க. இந்தத் தடவை அவர் சொல்றதை அப்படியே சொல்லுங்க."

தஸீம் கேட்டாள்.

"ஏன் இல்ல? தண்ணிக்கு அடியில ஒண்ணு இருக்கு. அதையும் எழுதிக்கச் சொல்லு."

அப்படியே சொல்லச் சொன்னாளே என்று அப்படியே சொன்னாள். "தண்ணிக்கு அடியில இன்னொரு வீடு இருக்காம்."

"படகு வீடா?"

"இல்லைங்க. அணை கட்டினாங்க. பழைய ஊர் முங்கிடுச்சு. அதுல அவங்க வீடும் போச்சு."

"ஓ. அதுக்கு நஷ்ட ஈடு வாங்கினாரா?" என்று கேட்டு, பதில் வருவதற்கு முன்பே மிசஸ் எண்ட்விசில் எழுதத் தொடங்கினாள். மீன் குடியிருக்கிற வீட்டையும் இவள் கணக்கில் சேர்க்கிறாள் என்று தஸீமுக்குத் தொண்டை வரை வந்தது. இன்னும் தாழ்ந்த குரலில் விளக்கினாள். நாங்கள் தம்பி வீட்டையும் எங்கள் வீடு என்றுதான் சொல்வோம், பிரித்துச் சொன்னால் உறவு முறிந்தது என்று அர்த்தம், பத்திரம் தம்பி பேரில் இருக்கிறது, இவருக்கு அதில் ஒரு செங்கல்கூடச் சட்டப்படி கிடையாது.

"எனக்குப் புரியுது. ரொம்ப அழகான பழக்கம்" என்றாள் மிசஸ் எண்ட்விசில். "ஆனா நீங்க சொல்றதை நான் எழுதிக்க முடியாது. ஏற்கெனவே ஒரு தடவை மாத்திச் சொல்லிட்டீங்க. அவர் வாயால சொல்லணும். இல்லேன்னா நாங்களே ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு பண்றோம். அதுக்கு மாசக்கணக்காகும். அதுவரைக்கும் பணம் வராது."

மாசக்கணக்காகத் தள்ளினால் வாடகைக்கு என்ன செய்வது? மளிகைக் கடைக்காரர் முகத்தை எப்படிப் பார்ப்பது? தஸீம் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பாஜி, அந்த வீடு என்னுது இல்லேன்னு நீங்களே சொல்லணுமாம்."

"கரம் தாத் உயிரோட இருக்கும்போது நான் எப்படிச் சொல்வேன்? பாகம் பிரிச்சாச்சுன்னு இந்தப் பொம்பளைகிட்ட வந்து அறிவிக்கணுமா?"

"அறிவிக்க வேண்டாம். சும்மா ஒரு வார்த்தை."

"சும்மா ஒரு வார்த்தையா? உனக்கு வார்த்தை எல்லாம் சும்மாதான். யெஸ்ஸை நோங்கற, நோவை யெஸ்ங்கற." சொல்லிவிட்டு அவர் முகத்தைத் தடுப்பின் பக்கம் திருப்பிக்கொண்டார். மகளின் உதடு கண்ணில் படாதபடி திருப்பிக்கொண்டார். இதற்கு மேல் நீ எதுவும் சொல்ல முடியாது என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே கதவு அது.

தஸீம் எழுந்தாள். காதோடு கத்தினால் அவருக்குக் கொஞ்சம் கேட்கும். பக்கத்தில் போனாள். பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த குரலையெல்லாம் ஒன்றாக எடுத்தாள்.

"உங்க கட்டிலை எங்க போட்டாங்க?" என்று கத்தினாள். "வாசல் ரூம்ல போட்டாங்க. வர்றவன் போறவன் செருப்பு விடற இடத்துல போட்டாங்க. மேல் ரூமுக்குச் சாவி காணோம்னு சாச்சி சொன்னாங்க. ராத்திரி யார் வந்தாலும் நீங்க எழுந்து உக்காந்தீங்க. அம்மாகிட்ட இங்க வந்து அங்க நல்ல காத்துன்னு சொன்னீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க வீடுன்னா உங்ககிட்ட ஏன் சாவி இல்ல? அது சாச்சா வீடு. உங்க வீடு இல்ல."

தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த இருமலும் பேச்சும் நின்றன.

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?" என்று கேட்டாள் மிசஸ் எண்ட்விசில்.

"ஒண்ணுமில்லைங்க."

"இவ்வளவு சத்தமா யாரும் ஒண்ணுமில்லைன்னு சொல்ல மாட்டாங்க. இந்த ரூம்ல பேசுற எல்லாத்தையும் எனக்குச் சொல்லணும். அதுதான் விதி."

தஸீம் உட்கார்ந்தாள். சொன்னாள். கட்டில், செருப்பு, சாவி, காற்று, ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் வைத்தாள். வடிகட்டவில்லை. பாதியில் அப்பா இந்தப் பக்கம் திரும்பிவிட்டார். மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுதும் அவருக்குப் புரிந்திருக்காது. செருப்பும் சாவியும் புரிந்திருக்கும்.

"ஐயோ பாவம்" என்றாள் மிசஸ் எண்ட்விசில், எழுதிக்கொண்டே. "இதைச் சொன்னது நல்லதாப் போச்சு. எங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்."

பஸல் தாத் கோட்டுப் பித்தானைப் போட்டார். "எழுதிக்கச் சொல்லு" என்றார். "அவளுக்கு என்ன வேணுமோ எழுதிக்கட்டும். அது என் வீடு இல்ல. எனக்கு வீடே இல்ல."

தஸீம் மொழிபெயர்த்தாள்.

"லவ்லி" என்றாள் மிசஸ் எண்ட்விசில். "இவ்வளவுதான் வேணும். இங்க ஒரு கையெழுத்து. அடுத்த வாரம் பணம் வந்துடும்."

லவ்லி. அந்தச் சொல்லுக்குத் தங்கள் பேச்சில் என்ன என்று தஸீம் யோசித்துப் பார்த்தாள். அப்பாவிடம் அதை மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகிற மேட்டில் அவர் முன்னால் நடந்தார். உதட்டைப் பார்த்துப் பேச்சைக் கேட்கிற மனிதர் முதுகைக் காட்டிவிட்டால் பின்னால் வருகிறவள் என்ன செய்ய முடியும்? பணம் வந்தது. வாடகை போயிற்று. அவர் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தார், மற்ற நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. தஸீமும் அவர் முன்னால் போய் நிற்கவில்லை. கத்தியதற்கு அவள் வருத்தப்படவில்லை. கட்டிலைச் செருப்புக்குப் பக்கத்தில் போட்டவர்கள் மேல் கோபம், அதில் படுத்துக்கொண்டு காற்றைப் புகழ்ந்தவர் மேல் கோபம், அதை எழுதிக்கொண்டு உதவியாக இருக்கும் என்றவள் மேல் கோபம். மாவு பிசையும்போது பாத்திரம் மேசையில் இடித்தது.

"கத்துனியாமே" என்றாள் அம்மா. "மஹ்ஃபூஸ் பொண்டாட்டி கடையில வச்சு எல்லாருக்கும் சொல்றா."

"கத்துனேன்."

"உனக்குக் கத்த வரும்னு தெரிஞ்சிருந்தா அந்தக் கேஸ்காரன் வந்தன்னைக்கே கத்த விட்டிருப்பேனே." அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். பிறகு, "செருப்புக்குப் பக்கத்துலயா போட்டாங்க?" என்று கேட்டாள். தஸீம் தலையாட்டினாள். ரொட்டி கருகியது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் வீட்டில் இருந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது. போனில் பேசுகிற ஆளுக்கு உதடு கிடையாது என்பதால், ஊர் போனை எடுப்பதும் தஸீமின் வேலை. அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டு அப்பாவுக்கு வாயசைப்பாள், அப்பா சொல்வதை அந்தப் பக்கம் சொல்வாள்.

"தஸீமா? நல்லாருக்கியாம்மா?" சாச்சா கரம் தாத்தின் குரல் வெல்லப்பாகு போல இருந்தது. "பாய்ஜி எப்படி இருக்காங்க? இங்க ஒரு பேச்சு வந்துச்சு. அங்க சர்க்கார் ஆபீஸ்ல பாய்ஜி இந்த வீடு தன்னுது இல்லேன்னு சொல்லிட்டாங்களாமே."

தஸீம் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"நான் தப்பா எடுத்துக்கல. அண்ணன் வாயால வந்தது எதுவும் எனக்குச் சம்மதம்தான். நானா கேட்டேனா? அவங்களே விட்டுட்டாங்க. சரி, அதை விடு. மேல் ரூம் சும்மாத்தானே கிடக்கு. சின்னவனுக்கும் கல்யாணம் பேசியாச்சு. அதை அவனுக்குக் கொடுத்துடலாம்னு சாச்சி சொல்றா. பாய்ஜிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு. மரியாதைக்குக் கேக்கறேன்."

பஸல் தாத் நாற்காலியில் இருந்தார். ஊர் போன் என்று தெரியும். அத்தனை நாளும் திருப்பியே வைத்திருந்த முகம் இப்போது மகள் பக்கம் வந்தது. "யாரு, தம்பியா?" என்றார். "என்ன சொல்றான்?"

தஸீம் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு நேராகத் திரும்பி நின்றுகொண்டாள். விளக்கு வெளிச்சம் தன் வாயில் விழும்படி நின்றாள். பிறகு போனில் பேசினாள். ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் நன்றாக வடித்துப் பேசினாள்.

"சாச்சா, அப்பாஜி சொல்றாங்க. மேல் ரூம் அவங்களது. யாருக்கும் கொடுக்கக் கூடாது. அவங்க கட்டில் மேலதான் இருக்கணும். சாவியில ஒண்ணு இங்க வரணும். அடுத்து யார் வந்தாலும் அவங்க கையில கொடுத்து அனுப்புங்க."

"நீ இன்னும் அவங்ககிட்ட கேக்கவே இல்லையேம்மா."

"கேட்டாச்சு."

"ஆபீஸ்ல இல்லேன்னு சொன்னாங்க, இப்ப இருக்குங்கறாங்களா?"

"ஆபீஸ்ல கேட்டது பட்டா. அது உங்க பேர்லதான் இருக்கு, வச்சுக்கங்க. நான் சொல்றது ரூம்."

"நீயா பேசுறியா, பாய்ஜி பேசுறாங்களா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து வந்த எல்லாவற்றையும் அவர் பிடித்துவிட்டார். அது அவர் சொன்னதில்லை. சோஷலில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேசையில் குனிந்தது போல, இப்போதும் குனிந்து, நான் அப்படிச் சொல்லவில்லை என்று கத்தலாம். கரம் தாத்துக்கு அது கேட்டுவிடும். அடுப்படி வாசலில் அம்மா மாவுக் கையோடு நின்றாள்.

பஸல் தாத் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கச் சொன்னேனே" என்றார். "வச்சானான்னு கேளு. என் இடுப்புக்குக் கைப்பிடி இல்லாம மேல ஏற முடியாது."

தஸீம் கேட்டாள். இந்தத் தடவை ஒரு சொல்லையும் மாற்றவில்லை.